திரும்பி வந்த படகு

போலீஸ் என்றதும் எல்லாருக்கும் காக்கிதான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் காக்கிக்குப் பின்னால் சம்பளப் பட்டியல் போடுகிறவர், வயர்லெஸ் ரிப்பேர் பார்க்கிறவர், மோப்ப நாய்க்குச் சோறு வைக்கிறவர், ஜீப்புக்கு ஆயில் மாற்றுகிறவர் என்று ஒரு கூட்டமே வேலை செய்துகொண்டிருக்கிறது. திருடனைப் பிடித்தால் எங்களுக்குப் பாராட்டு கிடையாது. ஒரு கோப்பு காணாமல் போனால் மட்டும் எங்கள் பெயர் எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிடும். நான் ராமசெல்வி, வடசென்னையில் ஒரு கடலோரக் காவல் நிலையத்தில் எழுத்தர். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள், நீச்சல் தெரியாது, படகைப் பார்த்தாலே தலை சுற்றும். என்னைத் தேடிப் பிடித்துக் கடலோரக் காவலுக்கு மாற்றல் போட்ட புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

இது என்னைப் பற்றியது இல்லை, எங்கள் ரோந்துப் படகை ஓட்டுகிற பொன்னுரங்கத்தைப் பற்றியது. ஆட்களின் பெயரையும் குப்பத்தின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் திருவொற்றியூர்ப் பக்கம் போய் விசாரிக்க வேண்டாம்.

பொன்னுரங்கம் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் பவழக்குப்பத்தில் பிறந்தவர். மீசை முளைக்கும் முன்பே விசைப்படகில் ஏறியவர். அங்கே படகை நடத்துகிறவருக்கு டிரைவர் என்று பெயர். பத்து வருஷத்துக்கு மேல் காசிமேட்டுப் படகுகளில் டிரைவராக இருந்தார். போனால் வாரக் கணக்கில் கடலிலேயே கிடப்பார். ஜோதிகா, சினேகா என்று இரண்டு பெண்கள். இரண்டாவது பெண் பிறந்து அவர் கரைக்கு வந்தபோது பிள்ளைக்குப் பெயர் வைத்து முடித்திருந்தார்கள். "இன்னொரு வாட்டி இப்பிடிப் போனீன்னா உன்னிய யாருன்னு கேப்பேன்" என்று அவர் மனைவி மங்கம்மா சொல்லிவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் கடலோரக் காவலுக்குப் படகோட்டத் தெரிந்த உள்ளூர் மீனவர்கள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. ஒப்பந்த வேலை, வருஷத்துக்கு ஒரு முறை நீட்டிப்பார்கள், மாசச் சம்பளம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதுதான் மங்கம்மாவுக்குப் பிடித்தது.

நேர்முகத்தில் ஓர் அதிகாரி, "கடலில் திசை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டாராம். இவர் யோசித்துவிட்டு, "தொலைஞ்சிருந்தா தானே சார் கண்டுபுடிக்கணும்" என்றாராம். வேலை கிடைத்துவிட்டது.

வெள்ளைச் சட்டை, நீலப் பேன்ட், கழுத்தில் அடையாள அட்டை. நிலையத்தில் அவரை எல்லாரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். குப்பத்தில் ஏட்டு என்று கிண்டல் செய்வார்கள். சுதந்திர தினத்தன்று நிலையத்தில் குரூப் போட்டோ எடுக்கும்போது, "சிவில் டிரெஸ்ல இருக்கறவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று போட்டோக்காரன் சொல்வான். நானும் அவரும் வேப்பமரத்தடியில் போய் நின்று காபி குடிப்போம். எனக்கு ஒவ்வொரு வருஷமும் எரிச்சலாக இருக்கும். அவர், "வுடு செல்விம்மா, நமுக்கு வெயில் மிச்சம்" என்பார்.

வருஷத்தில் பத்து மாசம் அவருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மட்டும் பேஜார். மீன் இனப்பெருக்கக் காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போக அரசாங்கம் தடை போட்டிருக்கும் நாட்கள் அவை. மீறிப் போகிற படகைப் பிடிப்பது எங்கள் வேலை. மீறிப் போகிறவர்களில் பாதிப் பேர் அவருக்கு மாமன் மச்சான். அதனால் தடைக்காலம் வந்தால் அவர் குப்பத்தில் டீக்கடைப் பக்கமே போக மாட்டார். எந்த நாள் எந்தப் பக்கம் ரோந்து என்று வீட்டிலும் மூச்சு விட மாட்டார். மங்கம்மாவுக்கு மட்டும் அவர் சோற்றுத் தூக்கை எடுத்து வைக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். பெரிய தூக்கு என்றால் வடக்கே தூரம், சின்னது என்றால் பக்கம். அவளும் அதை யாரிடமும் சொன்னதில்லை என்று சத்தியம் செய்வாள். நம்பலாம் என்றுதான் தோன்றுகிறது, ஏனென்றால் அந்த வருஷம் மாட்டியது அவளுடைய சொந்தத் தம்பி.

ஜெகதீசன் அவளுக்கு ஒரே தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் வங்கிக் கடனில் சொந்த விசைப்படகு வாங்கியிருந்தான். அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், வேறு யார், பொன்னுரங்கம்தான்.

மே மாசம் ஒரு காலை. படகில் எங்கள் எஸ்.ஐ. பெர்சிஸ், இரண்டு காவலர்கள், பொன்னுரங்கம். பெர்சிஸ் நாசரேத் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கெட்டிக்காரி, நேர்மையானவள், அவசரக்காரி. ரோந்துப் படகுக்கு இரண்டு எஞ்சின். அதில் ஒன்று உதிரிப் பாகம் வரட்டும் என்று பல மாசமாகச் சும்மா கிடந்தது. அதற்கான கடிதங்களை நான்தான் டைப் அடித்தேன். எஞ்சினை விடக் கடிதங்கள் நன்றாக ஓடின.

எண்ணூருக்கு வடகிழக்கே வலையை இழுத்துக்கொண்டிருந்த ஒரு விசைப்படகைப் பார்த்தார்கள். கிட்டே போகும் முன்பே பொன்னுரங்கத்துக்கு அது யாருடையது என்று தெரிந்துவிட்டது. "தெரிஞ்சவன்தான் மேடம். என் சம்சாரத்தோட தம்பி" என்றார். பெர்சிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். "நிறுத்தவா, போகவா?" என்று அவரே கேட்டார். "போங்க" என்றாள். அவர் போனார். இதைப் பெர்சிஸ் பிற்பாடு என்னிடம் சொன்னபோது, "அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் எஞ்சின் சூடாகிவிட்டது என்று பொய் சொல்லியிருப்பேன் அக்கா" என்றாள்.

ஜெகதீசன் வலையை வாரிப் போட்டுக்கொண்டு கிழக்கே ஓடினான். ஒற்றை எஞ்சினோடு இவர்கள் துரத்தினார்கள். இடைவெளி கூடிக்கொண்டே போனது. அப்புறம் இவர்கள் படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. யாரோ அறுத்துவிட்ட பழைய வலை ஒன்று தண்ணீருக்குள் மிதந்துகொண்டிருந்திருக்கிறது. அது படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டது. பொன்னுரங்கம் கத்தியோடு இரண்டு முறை குதித்துப் பார்த்தார். அலை தூக்கி அடித்ததில் தலை படகில் மோதி நெற்றி கிழிந்ததுதான் மிச்சம். காற்றும் நீரோட்டமும் படகை வடமேற்கே தள்ளின. அங்கே துறைமுகத்துக்காகக் கொட்டிய பாறைச் சுவர். நங்கூரம் பிடிக்கவில்லை. வயர்லெஸில் கூப்பிட்டார்கள். இன்னொரு ரோந்துப் படகு பழவேற்காட்டுப் பக்கம் இருந்தது. வந்துகொண்டிருக்கிறோம் என்றார்கள். பாறை அதைவிடப் பக்கத்தில் இருந்தது.

பெர்சிஸ் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு ஜெபம் செய்ய ஆரம்பித்துவிட்டாள். பொன்னுரங்கம் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார். தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜெகதீசனின் படகு வேகம் குறைத்தது. நின்றது. மூக்கைத் திருப்பிக்கொண்டு இவர்களை நோக்கி வர ஆரம்பித்தது.

அந்தக் கடற்கரையில் இதற்குக் கயிறு போடுவது என்று பெயர். எஞ்சின் நின்றுபோன படகைக் கண்டால் இழுத்துக்கொண்டு கரை சேர்க்க வேண்டும். பேச்சு வார்த்தை இல்லாத பங்காளி படகாக இருந்தாலும் சரி, முந்தின நாள் வலையை அறுத்தவன் படகாக இருந்தாலும் சரி. டீசல் காசு கேட்கக் கூடாது, கரைக்கு வந்து சொல்லிக் காட்டவும் கூடாது. எந்தச் சட்டத்திலும் இது கிடையாது. கயிறு போடாமல் போனவனுக்குக் குப்பத்தில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஜெகதீசன் கிட்டே வந்து கயிற்றை வீசினான். பொன்னுரங்கம் பிடித்துக் கட்டினார். போலீஸ் துரத்திய படகு போலீஸ் படகை இழுத்துக்கொண்டு தெற்கே வந்தது. பெர்சிஸ் எழுந்து ஜெகதீசனுக்குக் கைகூப்பினாளாம்.

கரைக்குக் கொஞ்சம் முன்னால் பழவேற்காட்டுப் பக்கமிருந்து கிளம்பிய ரோந்துப் படகு பின்னாலேயே வந்து சேர்ந்தது. அதில் எங்கள் இன்ஸ்பெக்டர் இருந்தார். பெயர் வேண்டாம், ஐயா என்றே வைத்துக்கொள்வோம். கயிறு கை மாறியது. ஜெகதீசன் கிளம்பப் போனபோது ஐயா அவன் படகில் கிடந்த ஈர வலையையும் மீனையும் பார்த்தார். பறிமுதல் என்றார். பெர்சிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "தடையை மீறினானா இல்லையா? அதை மட்டும் சொல்லும்மா" என்றார். மீறியிருந்தான்.

கரையில் இருந்தவர்கள் பார்த்ததெல்லாம், ஒரு ரோந்துப் படகு இன்னொரு ரோந்துப் படகை இழுத்து வந்ததையும், பின்னால் ஜெகதீசனின் படகு காவலோடு வந்ததையும்தான். துரத்திப் பிடித்திருக்கிறார்கள் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். ஐயாவுக்கு அது வசதியாகப் போய்விட்டது. "கவர்ன்மென்ட் படகைக் குற்றவாளி இழுத்துட்டு வந்தான்னு எழுதினா மேலே இருந்து காறித் துப்புவாங்க. தப்பி ஓடியவனைத் துரத்திப் பிடித்தோம்னு எழுதுங்க" என்றார். பெர்சிஸ் சிவந்த கண்களோடு எழுதிக் கொடுத்தாள். நான் டைப் அடித்தேன்.

வித்தியாசம் சின்னது இல்லை. தடையை மீறியதற்கு மட்டும் என்றால் அபராதம் கட்டிவிட்டுத் தடைக்காலம் முடிந்ததும் படகை எடுத்துக்கொண்டு போகலாம். போலீஸைக் கண்டு ஓடி, துரத்திப் பிடிக்க வேண்டி வந்தது என்றால் மீன்வளத் துறை படகின் அனுமதியை ஒரு வருஷத்துக்கு முடக்கிவிடும். ஒரு வருஷம் தவணை கட்டாத படகை வங்கி விட்டு வைக்குமா? ஜெகதீசன் முதலில் ஓடியது உண்மைதான். ஆனால் பிடிபட்டதற்குக் காரணம் அவனே திரும்பி வந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவன் படகின் தலையெழுத்து இருந்தது. அவனோ அவன் படகில் இருந்த ஆட்களோ சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதைச் சொல்லக்கூடிய ஆள் பொன்னுரங்கம் ஒருவர்தான். காவலர்கள் ஐயாவை மீறிப் பேச மாட்டார்கள்.

பொன்னுரங்கத்தின் வேலை நீட்டிப்பும் அதே ஜூனில்தான், அதே ஐயாவின் கையெழுத்தில்தான். ஐயா அவரைக் கூப்பிட்டு, "மீன்வளத் துறை விசாரணைக்கு நீயும் வரணும் டிரைவர். எஸ்.ஐ. எழுதினதையே சொல்லிடு, உனக்கும் நல்லது" என்றார். அவர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். சரி என்பதற்கான ஆட்டலா, சும்மா ஆட்டியதா என்று எனக்குப் புரியவில்லை.

அதற்கு மறுநாள் மங்கம்மா நிலையத்துக்கே வந்தாள். என் மேஜை முன்னால் உட்கார்ந்துகொண்டு பொரிந்து தள்ளினாள். "வலையே போடல, சும்மா போட்டு ஓடுதான்னு டெஸ்டு பாக்க வந்தான்னு சொன்னா இவுரு வாயில முத்தா கொட்டிடும்? கேட்டா, வலை தண்ணில இருந்துச்சு, நான் பார்த்தேன்றாரு. அரிச்சந்திரன் ஊட்டுக்கு அடுத்த ஊட்ல பொறந்தா மாரி."

"ஜெகதீசன் என்ன சொல்றான்?" என்று கேட்டேன்.

"அவன் எங்க பேசறான். மூஞ்சே குடுக்க மாட்றான். போனா உள்ள போய்ப் படுத்துக்கறான். இவுரு ரெண்டு வாட்டி போய் வாசல்லயே நின்னுட்டு வந்தாரு."

அன்று மாலை நான் பொன்னுரங்கத்திடம் நேராகவே கேட்டேன். வலையைப் பற்றி ஒரு பொய் சொன்னால் மச்சானின் படகு முழுசாகத் தப்பிக்கும். போலீஸ் எழுதியதையே சொன்னால் வேலை தப்பிக்கும். என்ன செய்யப் போகிறீர்கள் ரங்கண்ணா?

"ரெண்டும் வேணாம் செல்விம்மா. அவன் வலை போட்டான், அத்தச் சொல்லுவேன். திரும்பி வந்து கயிறு போட்டான், அத்தயும் சொல்லுவேன். அபராதம் கட்டட்டும், தப்பில்ல. அவன் போட்டு போவக் கூடாது."

"வேலை போய்டுமே?"

"போனா போவுது. அவன் வரலன்னா நானே போயிருப்பேன்."

எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. இரண்டு பெண்களில் ஒருத்தி கல்லூரியில் படிக்கிறாள். இந்த வயதில் திரும்பவும் வாரக் கணக்கில் கடலில் கிடக்கப் போகிறாரா? ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. டைப் அடித்த கை என்னுடையது.

விசாரணை மீன்வளத் துறை அலுவலகத்தில் நடந்தது. விசாரித்த அதிகாரி வயதானவர், நிதானமானவர். ஐயா, பெர்சிஸ், பொன்னுரங்கம், கோப்போடு நான், எதிரே ஜெகதீசன். மழிக்காத தாடியோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதிகாரி அறிக்கையைப் படித்துவிட்டுப் பொன்னுரங்கத்தைக் கேட்டார்.

"வலை தண்ணியில இருந்ததா?"

"இருந்துச்சு சார்."

"துரத்திப் பிடிச்சீங்களா?"

"துரத்தனோம் சார். புடிக்கல. எங்க போட்டு நின்னுபோச்சு, பாறைப் பக்கம் அடிச்சிகினு போச்சு. இவன் தப்பிச்சி எங்கயோ போய்ட்டான். எங்களப் பாத்துட்டு அவனே திரும்பி வந்து கயிறு போட்டு இழுத்துகினு வந்தான். அதால மாட்டிக்கினான்."

ஐயாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அதிகாரி பெர்சிஸைப் பார்த்தார். அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவள் உடைந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அதிகாரி அவளைக் கேட்காமல் ஜெகதீசன் பக்கம் திரும்பினார். அவர் குரலிலேயே கொஞ்சம் இரக்கம் இருந்தது.

"இவர் சொல்றது உண்மைன்னா உனக்கு நல்லதுப்பா. அனுமதியை முடக்க வேண்டிய அவசியம் இருக்காது. அப்படித்தான் நடந்ததா?"

ஜெகதீசன் அப்போதுதான் தலையைத் தூக்கினான்.

"இல்ல சார். நான் திரும்பியெல்லாம் வரல. ஓடனேன். தொரத்திகினு வந்து புடிச்சாங்க. மாமா எனுக்காகச் சொல்றாரு."

அதிகாரி மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னான். அப்புறம் அவர் என்ன செய்வார்? ஒரு வருஷம் முடக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐயா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பொன்னுரங்கம் நின்ற இடத்திலேயே நின்றார். அத்தனை பேர் முன்னால் பொய்யன் என்று ஆகிவிட்ட மனிதர் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் ஜெகதீசன் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான். பொன்னுரங்கம் விறுவிறுவென்று போய் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார். நானும் பின்னால் போனேன். அடித்துவிடுவாரோ என்று பயம்.

"இன்னாத்துக்குடா அப்பிடிச் சொன்ன? என் மேல கோவம்னா ஊட்ல வந்து என்னிய ரெண்டு அடி அடிச்சிருக்கலாம் இல்ல? போட்டு போச்சேடா."

"உம்மேல இன்னா கோவம் மாமா. நீ உன் வேலையப் பாத்த."

"அப்புறம்?"

ஜெகதீசன் என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினான். பொன்னுரங்கம், "நம்ம அம்மாதான், சொல்லு" என்றார். அவன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"கயிறு போட வந்தவன் போட்டையே புடிச்சிட்டாங்கன்னு குப்பத்துக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்னு ரோசன பண்ணியா? காசிமேட்டுலேர்ந்து பழவேற்காடு வரிக்கும் பரவிடும். அதுக்கு அப்பால போலீஸ் போட்டு நின்னா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். நீ தினிக்கும் அந்த ஓட்ட எஞ்சினை வச்சிகினுதானே போற. அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

பொன்னுரங்கம் அவன் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"என் ஆளுங்க மூணு பேரு வாயைத் தொறக்க மாட்டானுங்க. ஓடத் தெரியாம மாட்டிக்கினேன்னே இருக்கட்டும். நீயும் இனிமே எங்கயும் சொல்லாத."

சொல்லிவிட்டு அவன் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான். பொன்னுரங்கம் சைக்கிள் ஸ்டாண்டின் திண்டில் உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் நின்றேன்.

அவர் வேலைக்கு ஆபத்து வரவில்லை. மச்சானுக்காகப் பொய் சொன்ன பாசக்காரர் என்று ஐயா பெரிய மனசு பண்ணி நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெர்சிஸ் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது ஜெகதீசன் வீட்டுக்குப் போயிருக்கிறாள், அவன் கதவைத் திறக்கவில்லை. படகை வங்கி எடுத்துக்கொண்டது. சொந்தப் படகின் டிரைவராக இருந்தவன் இப்போது அடுத்தவர் படகில் ஐஸ் உடைக்கிறான், வலை இழுக்கிறான்.

பொன்னுரங்கம் இன்னும் ரோந்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். இரண்டாவது எஞ்சினுக்கு உதிரிப் பாகம் இன்னும் வரவில்லை. தடைக்காலம் இல்லாத நாட்களில் குப்பத்து டீக்கடையில் உட்காருவார். அங்கே ஜெகதீசனைக் கண்டால் எல்லாருக்கும் கிண்டல்தான். ஒத்த எஞ்சின் போலீஸ் போட்டுகிட்ட மாட்டிக்கினவன், நீயெல்லாம் ஒரு டிரைவரா என்பார்கள். ஜெகதீசன் டீயை உறிஞ்சிக்கொண்டு பேசாமல் இருப்பான். எல்லாரும் சிரிக்கும்போது பொன்னுரங்கமும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்கிறது.